மூளைக் கட்டிக்கு ஒளி மருத்துவம்: நிலக்கரிச் சாயம் முதல் நானோ துகள் வரை

ஒளியியக்க சிகிச்சை என்பது, ஒளி பட்டால் மட்டும் செயல்படும் மருந்தை உடலுக்குள் செலுத்தி, நோயுள்ள இடத்தில் குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சி, அங்குள்ள தீய உயிரணுக்களை அழிக்கும் மருத்துவ முறை. மருந்தை உடல் முழுதும் பரவ விடாமல் நோயுற்ற திசுவில் மட்டும் சேர்க்கும் முயற்சி இலக்கு மருந்துச் செலுத்தம் எனப்படுகிறது. இவ்விரண்டும் புதிய தொழில்நுட்பங்களாகக் கருதப்பட்டாலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் நிலக்கரித் தார்ச் சாயங்களைக் கொண்டு நடந்த சோதனைகளில் தோன்றியவை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்து, மூளைக் கட்டி மருத்துவத்தில் இவை ஒன்றுசேர்ந்தன. கட்டியை ஒளியால் அழிப்பதே இத்துறையின் தொடக்க கால நோக்கம். ஆனால் நோயாளிகளுக்கு இதுவரை பரவலாகக் கிடைத்த பயன், கட்டியின் எல்லையை ஒளியால் காண்பதுதான். இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

மூளைக் கட்டியின் சிக்கல்

மூளையில் தோன்றும் கட்டிகளுள் கிளையோபிளாஸ்டோமா மிகக் கொடியது. மூளை நரம்பணுக்களுக்குத் துணையாக உள்ள கிளையா உயிரணு வகையைச் சார்ந்த கட்டி இது. மற்ற உறுப்புகளில் புற்றுக்கட்டியை வெட்டும்போது சுற்றியுள்ள நல்ல திசுவையும் சிறிது சேர்த்து எடுப்பது வழக்கம். மூளையில் அது இயலாது. ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டினால் பேச்சோ பார்வையோ கைகால் அசைவோ போய்விடக்கூடும். கட்டிக்குத் தெளிவான ஓரமும் கிடையாது. அதன் அணுக்கள் வேர்விட்டதுபோல் நல்ல மூளைக்குள் பரவி நிற்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் வால்டர் டேன்டி, இத்தகைய கட்டி கொண்ட சில நோயாளிகளுக்கு மூளையின் வலது அரைக்கோளம் முழுவதையும் அகற்றி, அதுபற்றி 1928ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வளவு எடுத்தும் கட்டி திரும்ப வந்தது. கிளையோபிளாஸ்டோமா பெரும்பாலும் முன்பு கட்டி இருந்த குழியின் ஓரத்திலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தொலைவுக்குள்ளேயே மீண்டும் வளர்கிறது. எனவே மருத்துவத்தின் முன் இரண்டு கேள்விகள் நின்றன. அந்த ஓரத்தில் மறைந்திருக்கும் அணுக்களை எப்படிக் காண்பது? நல்ல மூளைக்குத் தீங்கின்றி அவற்றை மட்டும் எப்படி அழிப்பது?

கார்போகரிசியும் வெயிலும்

மருந்தும் ஒளியும் சேர்ந்து நோயைக் குணப்படுத்தும் என்ற அறிவு இந்தியாவில் பழமையானது. சித்த மருத்துவத்தில் கார்போகரிசி என்றும் வடமொழியில் பாகுசி என்றும் வழங்கும் விதை, வெண்புள்ளி உள்ளிட்ட தோல் நோய்களுக்குப் பயன்பட்டு வந்தது. விதையை உட்கொண்டோ அரைத்துப் பூசியோ அந்த இடத்தில் வெயில் படச் செய்வது வழக்கம். எகிப்தில் இதேபோல் அம்மி மஜூஸ் என்ற செடியைப் பயன்படுத்தினர்.

1933ஆம் ஆண்டில் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட்ராவ் ஆகிய இந்திய வேதியியலாளர்கள் கார்போகரிசியிலிருந்து சொராலன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். 1940களின் இறுதியில் கெய்ரோவில் எல் மோஃப்டி, எகிப்தியச் செடியிலிருந்து கிடைத்த சொராலன் வகை மருந்தை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1974ஆம் ஆண்டில் பாஸ்டன் மருத்துவர்கள் சொராலனையும் புறஊதாக் கதிரையும் இணைத்துச் சொரியாசிஸ் நோய்க்கு அளித்த சிகிச்சை உலகெங்கும் பரவியது.

சொராலன் வேலை செய்யும் விதம் வேறு. அது ஒளியின் துணையால் நேரடியாக டிஎன்ஏவுடன் பிணைகிறது. ஒளியியக்க சிகிச்சை மருந்துகளோ ஒளியின் ஆற்றலை வாங்கி, அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கின்றன. அவ்வாறு கிளர்ந்த ஆக்சிஜன் உயிரணுவின் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறுகியது. பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் செல்லாது. மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் அழிவு நிகழும். மூளை போன்ற நுட்பமான உறுப்புக்கு இம்முறை பொருந்தலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

நிலக்கரித் தாரிலிருந்து வந்த சாயங்கள்

நிலக்கரியைக் காற்றின்றிச் சூடாக்கும்போது வடியும் கருமையான தார், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கழிவாகக் கருதப்பட்டது. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின், தாரிலிருந்து கிடைக்கும் அனிலினைக் கொண்டு ஊதா நிறச் சாயம் செய்தபின் நிலை மாறியது. ஜெர்மானிய வேதியியலாளர்கள் தாரிலிருந்து நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்களை உருவாக்கினர். கிரேபேயும் காரோவும் 1870ஆம் ஆண்டில் அதிலிருந்து அக்ரிடின் என்ற பொருளைப் பிரித்தனர். 1871ஆம் ஆண்டில் அடால்ப் ஃபான் பேயர் புளோரசின் என்ற ஒளிரும் சாயத்தைத் தயாரித்தார். புளோரசினுடன் புரோமின் சேர்த்து ஈயோசின் என்ற சிவப்புச் சாயமும் செய்யப்பட்டது. துணிக்காகச் செய்யப்பட்ட இச்சாயங்களை மருத்துவர்கள் நுண்ணோக்கியின் கீழ் உயிரணுக்களுக்கு நிறமேற்றப் பயன்படுத்தினர்.

மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வகத்தில் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் பாரமீசியம் என்ற ஒற்றை உயிரணு உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று 1897-98 குளிர்காலத்தில் சோதித்தார். ஒரே அளவு சாயம் போட்டும் ஒருநாள் விரைவாகவும் மற்றொரு நாள் மெதுவாகவும் அவை இறந்தன. அன்றன்று ஆய்வகத்தில் இருந்த வெளிச்சத்தின் அளவே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று ராப் கண்டறிந்தார். இருட்டில் தீங்கு செய்யாத சாயம் வெளிச்சத்தில் நஞ்சாக மாறியது. இந்த முடிவு 1900ஆம் ஆண்டில் வெளியானது.

டாப்பைனரும் ஜெசியோனெக்கும் 1903ஆம் ஆண்டில் தோல் கட்டிகளில் ஈயோசினைப் பூசி ஒளியில் காட்டினர். இவ்விளைவுக்கு ஆக்சிஜன் தேவை என்பதை டாப்பைனரும் யோட்ல்பாவரும் 1904ஆம் ஆண்டில் நிறுவினர். ஒளியியக்கம் என்ற பெயர் டாப்பைனர் சூட்டியது. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் நோபல் பரிசு பெற்றதும் 1903ஆம் ஆண்டில்தான்.

நிறமேறாத மூளை

இதே சாயங்கள் மற்றொரு கண்டுபிடிப்புக்கும் வழிவகுத்தன. 1885ஆம் ஆண்டில் பால் எர்லிக், விலங்குகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்தியபோது ஏறத்தாழ எல்லா உறுப்புகளிலும் நிறமேறியது. மூளை மட்டும் வெளிறியே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தின்மீது ஈர்ப்பு இல்லை என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், டிரைப்பன் நீலம் என்ற சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்திப் பார்த்து, 1913ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். இம்முறை மூளையில் நிறமேறியது. அப்படியானால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்க வேண்டும்.

அந்தத் தடுப்பின் அமைப்பை 1967ஆம் ஆண்டில் ரீஸ், கார்னோவ்ஸ்கி ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினர். மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுக இணைந்திருக்கின்றன. இரத்தத்தில் ஓடும் நஞ்சுகளிலிருந்து மூளையைக் காப்பது இந்தக் குருதி-மூளைத் தடுப்பு. பெரும்பாலான மருந்துகளைத் தடுத்து நிறுத்துவதும் இதுவே. கிளையோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதியில் இத்தடுப்பு சிதைந்திருக்கும். அங்கு மருந்து கசிந்து புகும். கட்டி பரவிச் செல்லும் ஓரப் பகுதியில் தடுப்பு பெருமளவு சிதையாமல் இருக்கும். மருந்து மிகவும் தேவைப்படும் இடத்துக்கு மருந்து குறைவாகவே போய்ச் சேர்கிறது.

நோய்க்கிருமியை மட்டும் தாக்கும் மருந்தை எர்லிக் ‘மாயத் தோட்டா’ என்று அழைத்தார். சாயம் சில திசுக்களில் மட்டும் ஒட்டுவதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. இலக்கு மருந்துச் செலுத்தத்தின் வேர் இதுவே.

1930ஆம் ஆண்டின் இரண்டு நோபல் பரிசுகள்

சாயங்களுக்குப் பின் ஆய்வாளர்களின் கவனம் போர்பைரின் என்ற பொருள் வகைக்குத் திரும்பியது. இரத்தத்தின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் அடிப்படையான வளைய மூலக்கூறுகள் இவை. இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட ஹீமட்டோபோர்பைரின் 1841ஆம் ஆண்டு முதலே தெரிந்த பொருள். ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெடரிக் மேயர்-பெட்ஸ் 1912ஆம் ஆண்டில் அதில் 200 மில்லிகிராம் எடுத்துத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கி வலித்தது. வெயிலைத் தாங்க முடியாத நிலை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. 1924ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் போலிக்கார், எலிகளின் கட்டிகளில் இயல்பாகவே போர்பைரின் சேர்ந்து புறஊதா ஒளியில் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டார்.

போர்பைரின் அமைப்பை ஆராய்ந்த மியூனிக் வேதியியலாளர் ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் இயற்பியல் பரிசைப் பெற்றவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும் என்பதும், அந்த மாற்றம் அப்பொருளின் மூலக்கூறுகளைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் அவர் 1928ஆம் ஆண்டில் கண்டறிந்த விளைவு. இருவருடைய கண்டுபிடிப்புகளும் பின்னாளில் மூளைக் கட்டி அறுவை அரங்குக்குள் வந்தன.

கம்மாபுரமும் பழுப்பு நிலக்கரியும்

ஃபிஷரிடம் பணியாற்றிய ஆல்ஃபிரட் டிரைப்ஸ், 1930களில் பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் போர்பைரின்கள் இருப்பதைக் கண்டறிந்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தாவரங்களின் பச்சையம் மண்ணுக்கடியில் மாற்றமடைந்து நிற்பதே அதற்குக் காரணம். எண்ணெயும் நிலக்கரியும் உயிரினங்களிலிருந்து தோன்றியவை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. 1980களில் லண்டன் வேதியியலாளர் ரேமண்ட் பொன்னெட், நிலக்கரியிலும் பழுப்பு நிலக்கரியிலும் இரும்பு, காலியம் ஆகியவற்றுடன் பிணைந்த போர்பைரின்களைக் கண்டறிந்தார். அவரே அதே ஆண்டுகளில் டெமோபோர்ஃபின் என்ற ஒளியுணர் மருந்தையும் உருவாக்கினார். அது 2001ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் அருகிலுள்ள கம்மாபுரம் வட்டாரம் பழுப்பு நிலக்கரி வயலை ஒட்டியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கருநிறப் பொருள் இப்பகுதியின் நிலக்கரியை வெளியுலகுக்குக் காட்டியது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961ஆம் ஆண்டில் நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் மின்னுற்பத்தி தொடங்கியது. மின்சாரம் மட்டுமே நெய்வேலியின் விளைபொருள் அன்று. நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கும் ஆலையில் லெகோ என்ற அடுப்பு எரிபொருள் தயாரானது. பீனால் வகைப் பொருள்கள் அதன் துணை விளைச்சலாகக் கிடைத்தன. ஐரோப்பாவில் சாயத் தொழிலையும் மருந்துத் தொழிலையும் தொடங்கிவைத்த பொருள் வகை இதுவே. தமிழ்நாட்டில் அந்த ஆலை எரிபொருளுக்காக இயங்கி, பின்னர் மூடப்பட்டது.

தமிழ்நாட்டில் நரம்பியல் அறுவை

ஒளி மருத்துவம் மூளைக்கு வருவதற்கு முன் மூளையைத் திறக்கத் தெரிந்த மருத்துவர்கள் வேண்டும். இந்தியாவில் அதற்கான முதல் துறை தமிழ்நாட்டில் தொடங்கியது. கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் 1922ஆம் ஆண்டில் பிறந்த பா. இராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இத்துறையை நிறுவினார். வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோருடன் சேர்ந்து அவர் மூளைக்குள் மெல்லிய ஊசியைத் துல்லியமாகச் செலுத்தும் அறுவை முறையை 1960களில் வளர்த்தெடுத்தார்.

அக்காலத்தில் சி.டி. ஸ்கேன் இல்லை. தலைக்குள் காற்றை அல்லது இரத்தக் குழாயில் நிறப்பொருளைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, நிழல் விலகியிருப்பதைக் கொண்டு கட்டியின் இடத்தை ஊகித்தனர். மண்டையைத் திறந்தபின் கட்டியின் எல்லையைச் சொல்ல மருத்துவரின் கண்ணும் விரலுமே இருந்தன. 1970களில் சி.டி. ஸ்கேனும் பின்னர் எம்.ஆர்.ஐ.யும் வந்து அறுவைக்கு முன் கட்டியைக் காட்டின. ஆனால் அறுவை தொடங்கி மூளை நீர் வடிந்ததும் மூளை தன் இடத்திலிருந்து சற்றே நகர்ந்துவிடும். முன்பு எடுத்த படம் பொருந்தாமல் போகும். அறுவை நடக்கும் நேரத்திலேயே எல்லையைக் காட்டும் வழி தேவைப்பட்டது.

மூளைக்குள் ஒளி

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் டொஹெர்ட்டி குழுவினர், 1978ஆம் ஆண்டில் 25 நோயாளிகளின் தோல் கட்டிகளுக்குப் போர்பைரின் மருந்தும் சிவப்பு ஒளியும் அளித்தனர். 113 கட்டிகளில் 111 முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன. இம்மருந்தின் மேம்பட்ட வடிவமான ஃபோட்டோஃப்ரின் 1993ஆம் ஆண்டில் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

1980ஆம் ஆண்டில் இத்தாலியில் பெரியா குழுவினர் ஒன்பது மூளைக் கட்டி நோயாளிகளுக்கு இம்முறையைக் கையாண்டனர். கட்டியை வெட்டி எடுத்தபின் உண்டாகும் குழிக்குள் ஒளியைப் பாய்ச்சி ஓரத்தில் எஞ்சிய அணுக்களை அழிப்பது நோக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் கனடாவின் டொரன்டோவிலும் இது தொடர்ந்தது.

இம்முறைக்கு மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, சிவப்பு ஒளிகூட மூளைத் திசுவுக்குள் சில மில்லிமீட்டரே போதிய வலிமையுடன் ஊடுருவும். கட்டியின் அணுக்களோ அதற்கு அப்பாலும் பரவியிருக்கும். இரண்டாவது, அழிக்கப்பட்ட பகுதியைச் சுற்றி மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் இல்லை. மூன்றாவது, மேயர்-பெட்ஸ் தம் உடலில் கண்ட அதே துன்பம். ஃபோட்டோஃப்ரின் பெற்றவர் நான்கு வாரங்களுக்கும் மேலாக வெயிலைத் தவிர்க்க வேண்டும். முந்திரித் தோப்பிலும் வயலிலும் வேலை செய்து பிழைக்கும் விருத்தாசலம், கம்மாபுரம் போன்ற வட்டாரங்களில் இந்த ஒரு நிபந்தனையே குடும்ப வருமானத்தை நிறுத்திவிடும்.

விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்துகளை உருவாக்குவது அடுத்த கட்டமாயிற்று. ஜப்பானில் பச்சையத்தின் வழிவந்த டலாபோர்ஃபின் என்ற மருந்தைக் கொண்டு முரககி குழுவினர் 22 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினர். புதிதாகக் கிளையோபிளாஸ்டோமா கண்டறியப்பட்ட 13 பேரின் இடைநிலை வாழ்நாள் 24.8 மாதங்கள். இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு இல்லாததால் முடிவை எச்சரிக்கையுடனே கொள்ள வேண்டும். ஆயினும் 2013ஆம் ஆண்டில் ஜப்பான் இம்மருந்தை மூளையில் தோன்றும் கொடிய கட்டிகளுக்கு அனுமதித்தது. ஐரோப்பாவில் மெல்லிய ஒளியிழைகளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தும் முறை ஆராயப்படுகிறது.

எல்லையைக் காட்டிய நிறம்

மருந்து ஒளியை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கும்போது, ஆற்றலின் ஒரு பகுதியை வேறு நிற ஒளியாக வெளிவிடவும் செய்கிறது. கொல்லும் மருந்தே ஒளிரும் அடையாளமாகவும் ஆகிறது. மூளைக் கட்டியில் இப்பண்பு பெரும்பயன் தந்தது.

அமினோலெவுலினிக் அமிலம் உடல் இயல்பாகவே செய்யும் பொருள். இரத்தச் சிவப்புக்கு வேண்டிய ஹீம் உருவாகும் தொடரின் முதல் கண்ணி அது. அதைக் கூடுதலாகக் கொடுத்தால் கட்டி அணுக்களில் புரோட்டோபோர்பைரின் தேங்குகிறது. கனடாவின் கென்னடி, பாட்டியர் ஆகியோர் 1990ஆம் ஆண்டில் இதைத் தோல் கட்டிகளுக்குப் பயன்படுத்தினர். ஜெர்மனியின் வால்டர் ஸ்டும்மர் இதை மூளைக்குக் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரத்துக்கு முன், உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் மருந்தை நீரில் கரைத்து நோயாளி குடிக்கிறார். அறுவை நுண்ணோக்கியில் நீல-ஊதா ஒளியைப் போட்டதும் நல்ல மூளை நீலமாகவும் கட்டி சிவப்பாகவும் தெரிகிறது.

ஸ்டும்மர் குழுவினரின் ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளியானது. இம்மருந்து பெற்றவர்களில் 65 விழுக்காட்டினருக்குப் படத்தில் தெரியும் கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. வழக்கமான வெள்ளை ஒளியில் அறுவை பெற்றவர்களில் அது 36 விழுக்காடே. ஆறு மாதம் வரை கட்டி மீண்டும் வளராமல் இருந்தவர்கள் முறையே 41 விழுக்காடும் 21.1 விழுக்காடும் ஆவர். மொத்த வாழ்நாளில் இரு குழுக்களுக்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஐரோப்பா 2007ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 2017ஆம் ஆண்டிலும் இம்மருந்தை அனுமதித்தன. வெயிலையும் கடும் வெளிச்சத்தையும் தவிர்க்க வேண்டிய காலம் வாரங்களிலிருந்து ஓரிரு நாளாகச் சுருங்கியது.

இதைவிடப் பழைய, மலிவான மாற்று ஒன்றும் உண்டு. பேயர் தயாரித்த புளோரசினை அமெரிக்காவின் ஜார்ஜ் மூர் 1940களின் இறுதியிலேயே மூளைக் கட்டியைக் கண்டறியப் பயன்படுத்தினார். ஏற்ற நுண்ணோக்கி அப்போது இல்லாததால் அது பரவவில்லை. 2010களில் நுண்ணோக்கியில் மஞ்சள் ஒளிவடிப்பான் வந்தபின் புளோரசின் திரும்பி வந்தது. விழித்திரைக் குழாய்களைப் படமெடுக்கக் கண் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் சாயம் இதுவே என்பதால் இந்தியாவில் எளிதில் கிடைக்கிறது. அமினோலெவுலினிக் அமிலம் விலை மிகுந்தது. இந்திய நரம்பியல் அறுவை மையங்களில் இரண்டும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் இரண்டும் சமமல்ல. அமிலம் கட்டி அணுவுக்குள்ளேயே நிறமாக மாறுகிறது. புளோரசினோ குருதி-மூளைத் தடுப்பு சிதைந்த இடத்தில் கசிந்து தேங்குகிறது. எர்லிக் கண்ட நிறமேறாத மூளையின் தத்துவமே இங்கு அடையாளக் குறியாகிறது. வீங்கிய நல்ல மூளையிலும் அது கசியக்கூடும் என்பதால் அறுவை மருத்துவரின் அனுபவம் மிகவும் தேவை.

சாயமே இல்லாமல் எல்லையைக் காணும் வழியும் ஆராயப்படுகிறது. ஜேக்கப் சாண்டி பயின்ற அதே மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில், கையில் பிடிக்கும் ராமன் நிறமாலைக் கருவியை அறுவையின்போது மூளையில் தொட்டு, அங்குள்ளது கட்டியா நல்ல திசுவா என்று அறிந்தனர். இந்த ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளியானது.

தடுப்பைக் கடக்கும் முயற்சிகள்

இலக்கு மருந்துச் செலுத்தத்தில் முதலில் நடைமுறைக்கு வந்த வழி, தடுப்பைக் கடக்காமல் சுற்றிச் செல்வது. ஹென்றி பிரெம், ராபர்ட் லாங்கர் ஆகியோரின் உழைப்பில் உருவான கார்முஸ்டின் வில்லைகள் 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கட்டி எடுத்த குழிக்குள் அதிகபட்சம் எட்டு வில்லைகளைப் பதித்துவிட்டால், அவை மெல்லக் கரைந்து மருந்தை அங்கேயே வெளிவிடும். நுண்குழல் வழியே மருந்தை மெதுவாக மூளைக்குள் அழுத்திச் செலுத்தும் முறை 1990களிலும், குவித்த மீயொலியால் தடுப்பைச் சில மணி நேரம் திறக்கும் முறை 2000களிலும் வந்தன.

டெமோசோலமைடு என்ற மாத்திரை தடுப்பை ஓரளவு தானாகவே கடக்கும். கதிர்வீச்சுடன் அதைச் சேர்த்துக் கொடுத்தபோது இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாகவும், இரண்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தோர் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாகவும் உயர்ந்ததை 2005ஆம் ஆண்டில் ரோஜர் ஸ்டுப் குழுவினர் காட்டினர். இன்றும் அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு ஆகிய மூன்றுமே அடிப்படைச் சிகிச்சை.

ஒளியுணர் மருந்தை நானோ துகளுக்குள் அடைத்து, கட்டியின் இரத்தக் குழாயைத் தேடி ஒட்டும் புரதத் துணுக்கைத் துகளின்மீது பொருத்தி, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் மூளைக் கட்டியில் சோதித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எர்லிக்கின் தோட்டாவும் டாப்பைனரின் ஒளியும் ஒரே துகளில் இணைந்தன. கட்டியைத் தேடி ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதத்துடன் ஒளியுணர் சாயத்தைப் பிணைக்கும் ஹிசதாகா கோபயாஷியின் முறை, 2020ஆம் ஆண்டில் ஜப்பானில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மூளையைப் பொறுத்தவரை இவை ஆய்வு நிலையிலேயே உள்ளன.

இந்தியாவில் இந்தூர் ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையம் பச்சையத்திலிருந்து பெறும் குளோரின் வகை மருந்துகளை ஆராய்ந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறை திசுக்களின் இயற்கை ஒளிர்வைக் கொண்டு புற்றுநோயைக் கண்டறியும் ஆய்வுகளை மேற்கொண்டது.

இன்றைய நிலை

மூளைக் கட்டிக்கான ஒளியியக்க சிகிச்சை இந்தியாவில் வழக்கமான சிகிச்சையாக இல்லை. ஒளிர்வு காட்டும் அறுவையே இந்த நூற்றாண்டு கால ஆய்விலிருந்து இங்குள்ள நோயாளிக்குக் கிடைத்திருக்கும் பயன். அதற்கும் உரிய ஒளிவடிப்பான் கொண்ட நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற அறுவைக் குழுவும் வேண்டும். இவை பெருநகர மையங்களிலேயே உள்ளன. கம்மாபுரம் வட்டார நோயாளி புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னைக்கோ, வேலூருக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு அறுவைச் செலவின் சுமையைக் குறைத்துள்ளது.

எந்த ஒளியும் சாயமும் உதவுவதற்கு முன், நோய் காலத்தில் கண்டறியப்பட வேண்டும். புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காலையில் மிகும் தலைவலியுடன் வாந்தி, வயது வந்தபின் முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், காரணமின்றி மாறும் நடத்தை ஆகியவை மூளைக் கட்டியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். இவை வேறு காரணங்களாலும் வரலாம். எதனால் வந்தது என்பதை மருத்துவரின் பரிசோதனையும் ஸ்கேனும் தெளிவாக்கும்.